நுளம்பு வலைக்குள் யாருக்கு இடம்?

1996ஆம் ஆண்டு மாரிகாலத்தில் நாங்கள் அக்கராயனில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இலட்சக்கணக்கானவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தென்மராட்சியில் சில மாதங்கள் இருந்தோம். அங்கும் இருக்க முடியாமற் போகவே கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தோம். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்த சாமான்களுக்குள் ஒரு பழைய நுளம்பு வலையும் இருந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மம்மா, பிள்ளைகள் நாலு பேர், அம்மா.

அது கட்டிலுக்கென்று தைத்த வலை. நிலத்தில் பாயை விரித்து, மூன்று மூலைகளைக் கொட்டில் கப்புகளிலும் நாலாவது மூலையை ஒரு தடியிலும் கட்டினால் நெருக்கியடித்துக்கொண்டு ஐந்து பேர் படுக்கலாம். ஆறாவது ஆளுக்கு இடமில்லை. "நீங்கள் உள்ளுக்குப் படுங்கோ. நான் வெளியிலை படுத்தால்தான் செல் சத்தம் கேட்டால் உங்களை எழுப்பலாம்" என்று அம்மா சொல்லுவா. நாங்களும் அதை நம்பிப் படுத்துவிடுவோம்.

முதலில் காய்ச்சல் வந்தது அம்மாவுக்குத்தான். மத்தியானம் குளிரத் தொடங்கும். இருந்த சேலைகள், சாக்குகள் எல்லாவற்றையும் போர்த்தாலும் பல் கிட்டிக்கொண்டு நடுங்குவா. பிறகு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். பொழுதுபடும் நேரம் வியர்த்து ஊற்றிக் காய்ச்சல் விட்டுவிடும். அடுத்த நாள் எழும்பி விறகு பொறுக்கப் போவா. அதற்கடுத்த நாள் திரும்பவும் குளிரும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் இந்த முறைக்காய்ச்சலை வன்னிச் சனங்கள் கண்டவுடனேயே சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு அது புதிது.

குடாநாட்டுச் சனங்களுக்கு மலேரியா முழுக்கத் தெரியாத நோயல்ல. ஆனாலும் வன்னியில் பரம்பரையாக இருந்தவர்களுக்குப் பழகிய அளவுக்கு எங்கள் உடம்புக்கு அது பழகவில்லை. ஆறில்லாத, குளங்கள் சிறுத்த குடாநாட்டில் அதன் பலம் குறைவு. காடும் குளமும் வாய்க்காலுமாய் இருந்த வன்னியில் நுளம்புக்கு எல்லாமே வாய்ப்பாக இருந்தது. அங்கே இடம்பெயர்ந்து போனவர்கள் உடம்பில் கிருமியோடு ஊர் திரும்பினார்கள். 1990களின் பிற்பகுதியில் குடாநாட்டிலும் மலேரியா பெருகியதற்கு இந்தப் போக்குவரத்து ஒரு காரணம். வீடுகளுக்கு மருந்து தெளிக்கும் வேலை தடைப்பட்டதும், மருந்துப் பொருட்கள் தட்டுப்பட்டதும், கூரையில்லாத வீடுகளில் சனங்கள் படுத்ததும் மற்றக் காரணங்கள். 1999ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தில் மலேரியாக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. இதில் பெரும்பங்கு வடக்கிலும் கிழக்கிலும்தான்.

இதில் மனம் பொறுக்காத விடயம் ஒன்று உண்டு. இதே இலங்கையில் 1963ஆம் ஆண்டு பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். 1934-35இல் தெற்கே ஏறத்தாழ 80 ஆயிரம் பேரைக் கொன்ற நோய் அது. டிடிரி மருந்து தெளித்துத் தெளித்து அதை 17இற்குக் கொண்டு வந்திருந்தார்கள். இனி வராது என்று நினைத்துக் கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மலேரியா போய்விட்டது என்ற நினைப்பே மலேரியாவுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை இது. கட்டுரையின் பின்பகுதியில் இதைத் திரும்பவும் நினைக்கவேண்டி வரும்.

மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் என்ற இனத்துப் பெண் நுளம்பு. ஆண் நுளம்பு இரத்தம் குடிப்பதில்லை. முட்டையிடுவதற்காகப் பெண் நுளம்புதான் இரத்தம் தேடி வருகிறது. நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே மற்றவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. அதன் உடம்புக்குள் கிருமி வளர்ந்து முற்றுவதற்குப் பத்து நாட்களுக்கு மேல் செல்லும். அத்தனை நாட்களும் அந்த நுளம்பு உயிரோடிருக்கவேண்டும். இடையில் அது செத்துவிட்டால் கிருமியும் அதோடு சரி.

மருந்து ஊட்டிய வலையின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது. சாதாரண வலை ஒரு வேலி மாத்திரம். கையோ காலோ வலையில் முட்டிக்கொண்டு கிடந்தால் நுளம்பு வெளியே இருந்தபடியே கடித்துவிடும். கிழிசல் இருந்தால் உள்ளே வந்துவிடும். மருந்து ஊட்டிய வலையில் வந்து இருக்கும் நுளம்பு அதிலேயே மயங்கிச் சாகும். ஒரு குறிச்சியில் கூடுதலான வீடுகளில் இத்தகைய வலை இருந்தால் வலை இல்லாத வீட்டுக்காரருக்கும் ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கும், ஏனென்றால் பத்து நாள் தாக்குப்பிடிக்கும் நுளம்புகள் அங்கே குறைந்துவிடும். ஆரம்பத்தில் வலையை வாளியில் கரைத்த மருந்தில் தோய்த்து நிழலில் காயவிட்டார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பவும் தோய்க்கவேண்டும். 2000களின் நடுப்பகுதியில் நூலிலேயே மருந்து ஏற்றப்பட்ட வலைகள் வந்தன. அவை இருபது தடவை கழுவினாலும், மூன்று வருடம் பாவித்தாலும் பலன் தரக்கூடியவை.

2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்ததன் பின்னர் வேலைகள் வேகமெடுத்தன. எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கு எதிரான உலக நிதியத்தின் பணம் வந்தது. மலேரியாத் தடை இயக்கமும் சர்வோதயம் போன்ற அமைப்புகளும் கிராமங்களுக்கு வலைகளைக் கொண்டு போயின. நடமாடும் கிளினிக்குகளில் விரலில் குத்தி இரத்தம் பார்த்து, அங்கேயே குளிசை கொடுத்தார்கள். 2004இல் நாடு முழுவதும் நோயாளர் நாலாயிரத்துக்கும் குறைவு. 2007இல் இருநூறுக்கும் குறைவு. போர் திரும்பவும் மூண்டிருந்த காலத்திலும் தொகை பழைய அளவுக்கு ஏறவில்லை. போர்முனையின் இரண்டு பக்கத்திலும் சுகாதாரப் பணியாளர் தங்கள் வேலையை விடவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும், மருந்து தெளிக்கும் தொழிலாளரையும், குடும்பநல உத்தியோகத்தர்களையும் யாரும் மேடையில் ஏற்றி மாலை போட்டதாக நான் காணவில்லை.

இனி வலை யாருக்குக் கிடைத்தது என்ற கதைக்கு வருவோம். எந்த நிவாரணத்துக்கும் ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலில் இருப்பது குடும்பம். குடும்பத்துக்கு ஒரு வலை என்று கொடுத்தால் மூன்று பேர் உள்ள வீட்டுக்கும் ஒன்று, எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கும் ஒன்று. முகாமில் இருப்பவருக்குப் பதிவு உண்டு. உறவினர் வீட்டு விறாந்தையில் ஒதுங்கியிருப்பவருக்குப் பதிவு இல்லை. கணவனின் பெயரில் இருந்த அட்டையை வைத்துக்கொண்டு, அவர் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் வரிசையில் நின்ற பெண்களை நான் கண்டிருக்கிறேன். காணாமற் போனவரின் மனைவி விதவையும் இல்லை, குடும்பத் தலைவியும் இல்லை என்ற நிலையில் எந்தப் பட்டியலிலும் ஒழுங்காக அடங்காமல் நின்றாள். இரண்டு பேருக்கு ஒரு வலை என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கின்படி எங்கள் அக்கராயன் கொட்டிலுக்கு மூன்று வலை வேண்டியிருந்திருக்கும்.

சும்மா கொடுத்தால் சனத்துக்கு அருமை தெரியாது, சிறு தொகையாவது வாங்கவேண்டும் என்று சொல்பவர்கள் எப்போதும் உண்டு. நிவாரண வேலை செய்பவர்களிடமும் இந்தப் பேச்சு இருந்தது. கென்யா நாட்டில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்குகள் சிலவற்றில் வலையை இலவசமாகவும் சிலவற்றில் பல்வேறு விலைகளுக்கும் கொடுத்தார்கள். அரை டொலரிலும் சற்றுக் கூடுதலாக, 60 சதம் விலை வைத்தவுடன் வலை எடுத்தவர்களின் வீதம் 60 புள்ளிகள் விழுந்துவிட்டது. இலவசமாகப் பெற்றவர்கள் அதை மூலையில் போட்டு வைத்தார்களா என்று வீடு வீடாகப் பார்த்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களைப் போலவே அவர்களும் கட்டித்தான் படுத்தார்கள். 2010இல் வெளிவந்த இந்த ஆய்வைச் செய்தவர்கள் ஜெசிக்கா கோஹன், பஸ்கலின் டுபாஸ் என்ற இரண்டு பெண்கள். ஏழைத் தாயிடம் இல்லாதது காசுதான் என்று நான் இதை வாசித்து விளங்கிக்கொண்டேன்.

வலையை விற்று அரிசி வாங்கியவர்களும், தோட்டத்து நாற்றுமேடைக்குக் கட்டியவர்களும் எங்களிடையே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்வது இலகு. பிள்ளை பசியில் அழுகிறது இன்றைக்கு. காய்ச்சல் வருவது எப்பவோ. அந்த இடத்தில் நானென்றால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டால் எனக்கு வாய் வராது.

வலை வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்குள் யார் படுப்பது என்ற அடுத்த கேள்வி வரும். இதற்கு எந்த உத்தியோகத்தரும் பட்டியல் போடுவதில்லை. எங்கள் வீடுகளில் வழமை என்னவென்றால் முதலில் பிள்ளைகள், பிறகு வயது போனவர்கள், பிறகு உழைக்கும் ஆண், கடைசியில் தாய். தாய்மார் இதைத் தியாகம் என்றுகூட நினைப்பதில்லை. ஆனால் இருட்டுப்பட்ட பிறகும் கிணற்றடியிலும் அடுப்படியிலும் நிற்பவள் அவள்தான். விடியமுன் எழும்புபவளும் அவள்தான். அவள் காய்ச்சலில் படுத்தால் உலை ஏறாது, நிவாரண வரிசையில் நிற்க ஆளில்லை. தாய் தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் வீட்டில் வலையின் நடு இடம் அவளுக்குரியது என்று இப்போது எனக்குப் படுகிறது.

அவள் கர்ப்பிணியென்றால் இதில் வாதமே கிடையாது. கர்ப்ப காலத்தில் மலேரியா வந்தால் இரத்தச்சோகை கடுமையாகும். கரு சிதையலாம். குழந்தை நிறை குறைந்து பிறக்கலாம், பிறக்கும்போதே இறந்துமிருக்கலாம். ஈரலுக்குள் மறைந்திருக்கும் கிருமியை அழிக்கும் பிறைமாகுயின் குளிசையை கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதும் இல்லை. அந்தக் குளிசை இல்லாவிட்டால் எங்கள் பகுதியில் கூடுதலாக இருந்த வைவக்ஸ் வகை மலேரியா மாதங்கள் கழித்துத் திரும்பவும் தலைகாட்டும். அம்மாவுக்கு மூன்று தரம் வந்தது அப்படித்தான். 14 நாள் விழுங்கவேண்டிய குளிசையை, காய்ச்சல் விட்டவுடன் நாலாம் நாளே நிறுத்தி, மிச்சத்தைப் பிள்ளைகளுக்கு வந்தால் உதவும் என்று சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தா.

2009இல் செட்டிகுளம் முகாம்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் கூடாரங்களுக்குள் அடைபட்டபோது மலேரியா பெருவாரியாகப் பரவும் என்று பலரும் பயந்தார்கள். அங்கே வலைகள் கொடுத்தார்கள், இரத்தப் பரிசோதனைகளும் நடந்தன. பயந்தபடி நடக்கவில்லை. ஆனால் தறப்பாள் கூடாரத்துக்குள் வெக்கையில் வலை கட்டிப் படுத்தவர்களுக்குத்தான் அந்த இரவுகள் தெரியும். காற்றுப் பட்டால் போதும் என்று வலையைச் சுருட்டித் தலைக்கு வைத்தவர்களும் உண்டு.

2012 ஒக்டோபருக்குப் பிறகு இலங்கைக்குள்ளேயே தொற்றிய மலேரியா நோயாளர் காணப்படாத காரணத்தால், 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அப்படியானால் இப்போது எதற்கு இந்தக் கதை என்று கேட்பீர்கள்.

அதே 2016ஆம் ஆண்டின் கடைசியில் மன்னார்த் தீவின் கிணறுகளில் ஒரு புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி. சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இதுவே. சற்றுக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் அது இருப்பதைக் கண்டார்கள். முன்பு எங்கள் நாட்டில் மலேரியாவைப் பரப்பிய பிரதான நுளம்பு ஆற்றுப் படுக்கைக் குழிகளையும் தேங்கிய தெளிந்த நீரையும் தேடும். புதிதாக வந்தது கிணறு, சீமெந்துத் தொட்டி, கூரைமேல் தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றிலேயே பெருகிவிடும். குடாநாட்டில் ஆறில்லை என்பது முன்பு எங்களுக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் வளவுக்கு வளவு கிணறு உள்ள ஊர் எங்களது. வலிகாமம் வடக்கில் இருபது முப்பது வருடங்களின் பின் விடுவிக்கப்பட்ட காணிகளில் பற்றைக்குள் மூடிக்கிடந்த கிணறுகள் எத்தனை!

நுளம்பு இருந்தால் மாத்திரம் மலேரியா வராது. கிருமியோடு ஒரு மனிதர் வரவேண்டும். ஒவ்வொரு வருடமும் வெளிநாடுகளில் இருந்து வருபவர்களில் பலருக்கு இங்கே மலேரியா கண்டுபிடிக்கப்படுகிறது. 2018 டிசெம்பரில் அப்படி வெளியிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் அதோடு நின்றது. பலாலியில் இருந்து சென்னைக்கு 2019இல் விமானம் ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் 2023இல் கப்பல் வந்தது. தமிழக முகாம்களில் இருந்து உறவுகள் ஊர் திரும்புகிறார்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நாங்கள் அங்கே போய் வருகிறோம். இதில் யாரையும் சந்தேகத்தோடு பார்க்கவேண்டியதில்லை. போய்வந்த ஒருவருக்கு, மாதங்கள் கழித்தென்றாலும், காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் "நான் இந்தியாவுக்குப் போய் வந்தனான்" என்று கேட்காமலே சொல்லவேண்டும். இன்றைய இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளியை நேரே கண்டிராதவர்கள். டெங்கு என்று நினைத்து நாட்கள் போய்விடலாம். மலேரியா இரத்தப் பரிசோதனையும் மருந்தும் மலேரியாத் தடை இயக்கத்தின் ஊடாக இலவசம். மலேரியா உள்ள நாட்டுக்குப் போவதற்கு முன்னர் எடுக்கவேண்டிய தடுப்புக் குளிசையும் அங்கேயே இலவசமாகப் பெறலாம்.

கிணற்றுக்கு வருவோம். பாவிக்காத கிணறுகளை இறுக்கமாக மூடலாம். பாவிக்கும் கிணற்றில் கப்பி மீன் விடலாம். அது நுளம்புக் குடம்பிகளைத் தின்னும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் வழி சொல்லுவார். தண்ணீர்த் தாங்கியின் மூடி காற்றில் பறந்து எந்த வளவில் கிடக்கிறது என்று ஒருக்கால் ஏறிப் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டு மூடி இரண்டு வருடமாய் அயல் வீட்டுக் கோழிக்கூட்டின் மேல் கிடந்தது.

வலையைத் தூக்கி எறியவேண்டாம். ஸ்ரெபென்சி பொழுதுபடும் நேரத்திலும் வீட்டுக்கு வெளியிலும் கடிக்கக்கூடியது என்பதால் வலை மாத்திரம் போதாது என்பது உண்மை. ஆனால் மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத்தில் பெருகும் டெங்குவுக்கும் அது உதவும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பகலில் தூங்கும் கைக்குழந்தையையும் காய்ச்சலோடு படுத்திருப்பவரையும் வலைக்குள் விடவேண்டும். காய்ச்சல்காரரைக் கடித்த நுளம்பு அடுத்தவரைத் தேடிப் போகாமல் இருக்க இது வழி. மருந்து ஊட்டிய புது வலையைப் பையால் எடுத்தவுடன் ஒருநாள் நிழலில் விரித்து ஆறவிடுங்கள். கழுவும்போது சாதாரண சவர்க்காரம் போதும், சலவைத் தூள் வேண்டாம். அடித்துத் துவைக்கவும் கூடாது. வெயிலில் காயப்போட்டால் மருந்து கெடும். கழுவிய தண்ணீரைக் கிணற்றடியிலும் மீன் உள்ள நீரிலும் ஊற்றாதீர்கள். கிழிந்த இடத்தை ஊசி நூலால் தைத்துக்கொள்ளலாம். விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகாவிட்டால் கட்டியும் பலனில்லை.

அம்மா இப்போது ஊரில் எங்களோடுதான் இருக்கிறா. 2002இல் திரும்பி வந்தபோது கூரையில்லாமல் நின்ற வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எடுத்தோம். அறைச் சுவரில் நாலு மூலைக்கும் ஆணி அடிக்கச் சொன்னது அவதான். மத்தியானத்தில் தங்கச்சியின் குழந்தையை வலைக்குள் வளர்த்திவிட்டு வழமைபோல வெளியே பாய் போடுவா. இரண்டு பேருக்கும் இடம் காணும் வலை அது. "உள்ளுக்கை படுங்கோவன் அம்மா" என்று நான் விளிம்பைத் தூக்கிப் பிடித்தால், ஒருக்கால் என்னைப் பார்த்துவிட்டு, தலையணையை உள்ளே தள்ளிக்கொண்டு குனிந்து போவா.